ஹோல்மாரில் சாப்பாட்டுக்குக் குறையில்லை

மதுரையில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் என்னவோ வணிக வளாகம்தான். வணிகம் செத்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. கீழ்த்தளத்தில் ஒரு செருப்புக் கடையும் ஒரு ஜூஸ் கடையும் பிடிவாதமாகத் திறந்திருந்தன. மற்றதெல்லாம் இழுத்து மூடிய ஷட்டர். நகரும் படிக்கட்டு ஓடுவதை மறந்து வெறும் படிக்கட்டாக நின்றது. அதில் மூச்சு வாங்க ஏறி இரண்டாவது மாடிக்கு வந்தால் மட்டும் தேர்த் திருவிழாக் கூட்டம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான ஒத்திகை மையம் அங்கேதான் இருந்தது.

வாசலுக்கு மேலே பெரிய பலகை. நகைக்கடையில் தங்கம் விலை ஓடுகிற மாதிரி, நாடுகளின் பெயரும் பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. வேலை, சாப்பாடு, குளிர், மரியாதை எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி ஒரே எண்ணாகப் பிழிந்து கொடுத்துவிடுவார்கள். ஜனங்கள் அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். உலகத்தின் வடகோடியில் இருக்கிற ஹோல்மார் நாட்டுக்கு 9.4. பலகையிலேயே அதுதான் முதல்.

சந்தனமாரிக்கு அந்த எண் மேல் நம்பிக்கை வரவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பத்துக்கு ஒன்பதரை வாங்குகிற எதையும் அவள் தன் வாழ்க்கையில் கண்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் பலவேசம் சுவரோரமாக இருந்த நாற்காலியில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடியில் கப்பல் பட்டறையில் வெல்டர். முந்தின நாள்தான் நாலு மணி நேரம் மிஷினுக்குள் படுக்கவைத்து அவன் மண்டைக்குள் இருக்கிற புத்தியையும் நினைப்பையும் அப்படியே படி எடுத்திருந்தார்கள். நெற்றியில் அப்போது கட்டின பட்டையின் தடம் இன்னும் இருந்தது. மகள் இலக்கியாவுக்கு ஏழு வயது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒரு ஆக்சிஜன் டப்பா. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற நோய். கார்த்திகை வரைக்கும் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது வைகாசி.

"மாரி, பயப்படாமப் பேசு. என்ன, நாந்தான பேசப்போறேன்," என்றான் பலவேசம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"நீங்க பேசுததுதான் எனக்குப் பயம்," என்றாள் மாரி.

அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மாரியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு ஒலிபெருக்கி, சுவரில் வருடமும் மாதமும் காட்டுகிற ஒரு கடிகாரம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஹபீபா என்று ஒரு அம்மாள் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல், ஆனால் கண் மட்டும் அலுக்கவில்லை.

"ஒரு தடவை சொல்லிடறேன்மா, நல்லாக் கேட்டுக்கங்க. நேத்து உங்க வீட்டுக்காரரைப் படி எடுத்தோம்ல, அந்தப் படி இப்ப ஹோல்மாருக்குப் போகப்போகுது. நிஜ ஹோல்மாருக்கு இல்ல, இந்த மிஷினுக்குள்ள இருக்கிற ஹோல்மாருக்கு. அங்க வேலை பாக்குறவங்களோட தினசரிப் பதிவு, பனி, ரூம், சாப்பாடு, எல்லாம் அப்படியே உள்ள இருக்கு. ஒப்பந்தம் ஏழு வருஷம். இங்க ஒரு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம். நடுவுல மூணு தடவை அவர் பண்ற போன்ல நீங்களே பேசுவீங்க. ஆறாம் மாசம், மூணாம் வருஷம், அஞ்சாம் வருஷம். ஒவ்வொண்ணும் எட்டு நிமிஷம். பேசுற வரைக்கும் கடிகாரம் நிக்கும்."

"அவங்களுக்கு இது ஒத்திகைன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா நடிப்பாங்க. அவரைப் பொறுத்தவரைக்கும் நிஜமாவே போய், நிஜமாவே பாடுபட்டு, நிஜமாவே வீட்டுக்குப் போன் பண்றாரு."

"வலிச்சா?"

ஹபீபா மேஜை மேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தாள். "உள்ள இருக்கிறது வெறும் கணக்குதான், கணக்குக்கு வலிக்காதுன்னு கம்பெனி சொல்லுது," என்றாள்.

"நான் பேசாம அந்த நாட்டையே ஒரு தடவ பாத்துருதேனே. படம் இருக்கும்லா?"

"படம் காட்ட மாட்டாங்கம்மா. அது அந்த நாட்டோட ரகசியமாம். போன ஆளு வாயால சொல்றது மட்டும்தான் நமக்கு. அதை வச்சுத்தான் மார்க்கும் போடுறாங்க. அவரும் கேக்கக் கூடாது. தன் குரலையே கேட்டு ரெண்டு மூணு பேருக்குப் புத்தி கலங்கிப்போச்சு. நீங்கதான் கேட்டுட்டுப் போய்ச் சொல்லணும். மூணும் முடிஞ்சு, ஏழு வருஷமும் முழுசா ஓடினாத்தான் ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் இருந்தாத்தான் அவர் கையெழுத்துப் போட முடியும். இந்த வருஷக் கோட்டா இன்னிக்கு நாலு மணியோட மூடுறாங்க."

அது மாரிக்குத் தெரியும். அவன் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஹோல்மார் ஆஸ்பத்திரியில் இலக்கியாவின் பெயரைப் பதிவார்கள். அவள் உடம்பு செல்லிலிருந்தே தொட்டியில் புது நுரையீரல் வளர்த்து, ஐந்து மாதத்தில் விமானத்தில் அனுப்பி வைப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு மட்டும். இங்கே அதற்கு வரிசை இரண்டு வருடம்.

"இன்னொண்ணு," என்றாள் ஹபீபா. "ஒத்திகையில உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. அவர் கேட்டா அதுக்குத் தக்கன பேசுங்க."

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஒரு மாதம் போவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் அழைப்பு வந்தது.

"மாரீ! கேக்குதா?"

பலவேசத்தின் குரல்தான். பத்தடி தள்ளி நாற்காலியில் இருக்கிறவனின் குரல், உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தது.

"கேக்கு. எப்படி இருக்கிய? சாப்டியளா?"

"சாப்பிட்டேன் சாப்பிட்டேன். பனி பாத்தா நீ மெரண்டுருவ. நம்மூர் உப்பளம் கணக்கா வெள்ளை வெளேர்னு கெடக்கு. புள்ள என்ன செய்யுதா?"

மாரி கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் இழுக்கிற மூச்சின் சத்தம் இங்கே கேட்கவில்லை, ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

"ஓடுதா. ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கா. நேத்து பக்கத்து வீட்டு மாடிப்படியில ஏறிக்கிட்டு எறங்க மாட்டேன்னுட்டா."

 மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான். "மாடிப்படி ஏறினாளா?" என்றான். "இன்னொரு தடவ சொல்லு."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். நடக்காத கதையை இரண்டாம் முறை சொல்லும்போது அவளுக்கு அது நடந்துவிடும் என்ற ஆசை வந்துவிட்டது. எட்டு நிமிடமும் அவன் மகளைப் பற்றியே கேட்டான்.

"நல்லாத்தான பேசினாரு?" என்று கேட்டாள் ஹபீபா.

"ஆமா," என்றாள் மாரி. நன்றாகத்தான் பேசினான். சாப்பிட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டதுதான் அவளுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு ஒரு பழைய கதை இருந்தது.

கல்யாணமான புதிதில் பலவேசம் வளைகுடாவில் இரண்டு வருடம் இருந்தான். அதில் நாலு மாதம் கம்பெனி மூடிக் கிடந்தது. அந்த நாலு மாதமும் அவன் போனில் தினமும் சாப்பாட்டை வரிசையாக ஒப்பிப்பான். இன்றைக்கு வாழைக்காய்ப் பொரியல், இன்றைக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு என்று. கூட இருந்த சாத்தான்குளத்துக்காரர் ஒருத்தர் ஊருக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மைதா மாவை உப்புப் போட்டுக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். வயிறு எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவுக்கு இலையில் பதார்த்தம் கூடியிருக்கிறது. மாரி அதை இன்றுவரை அவனிடம் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய? அவளும் யோக்கியமில்லை. அதே நாலு மாதத்தில்தான் கைக்குழந்தை இலக்கியாவை முதல் முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். புள்ளைக்கு லேசாச் சளி, வேற ஒண்ணும் இல்ல என்று அவனிடம் சொல்லியிருந்தாள். தூரத்தில் இருக்கிறவர்களின் காதில் நல்லதை மட்டும்தான் போட வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே தெரிந்திருந்தது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

மூன்றாம் வருட அழைப்பில் குரல் கம்மியிருந்தது. தொண்டையில் மணலைக் கொட்டின மாதிரி.

"சளியா?" என்றாள் மாரி.

"ஏசில கெடந்து வர்றதுதான். இங்க எல்லாம் சொகுசு."

"சாப்டியளா?"

"சோறு, சாம்பார். ஒரு அவரைக்காக் கூட்டு வச்சிருந்தானுவ. நல்லாருந்துச்சு."

மாரி ஒலிபெருக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவரைக்காய் எங்கே விளையும் அந்தப் பனியில்? மேற்கொண்டு என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அவன்தான் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். அழைப்பு முடிந்ததும் அவள் ஹபீபாவின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அவங்க பொய் சொல்லுதாங்க."

ஹபீபா எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அலுப்புக் குரல் காணாமல் போயிருந்தது.

"மூணு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். நம்ம பக்கத்து ஆளுங்க ஆயிரக்கணக்குல பேசிக் கேட்டுட்டேன். அழுதவங்க உண்டு, சிரிச்சவங்க உண்டு. ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூட, நான் நல்லா இல்லேன்னு சொன்னதில்லம்மா. வேற தேசத்து ஆளுங்க ஒத்திகையில ஹோல்மார்க்காரனைக் கண்டபடி திட்டுவாங்களாம். மார்க் குறையுது பாருங்க, உடனே அவங்களுக்கு ரூமுக்கு ஹீட்டர் குடுத்தான், வாரத்துல ரெண்டு நாள் லீவு குடுத்தான். நம்மாளுங்க நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி மார்க் ஏறிப்போச்சு. இவங்களுக்கு இதுவே போதும்னு இருந்த ஹீட்டரையும் போன வருஷம் எடுத்துட்டாங்க."

"இத நீங்க மேல சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். அவங்க வாயாலயே நல்லா இருக்கேங்கிறாங்க, உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு கேக்குறாங்க." ஹபீபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பி அங்க இருக்கான். நிஜமா. வாராவாரம் பேசுறான். நல்லா இருக்கானாம்."

கடிகாரத்தில் நாலாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். மாரி மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இந்த முறை எப்படியாவது அவன் வாயிலிருந்து நிஜத்தைப் பிடுங்கிவிட வேண்டும். மோசமென்றால் மோசம் என்று தெரிந்துகொண்டு, போக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மகளுக்கு வேறு வழி பார்க்கலாம். என்ன வழி என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் பார்க்கலாம்.

ஐந்து வருடம் ஆனது.

"மாரி." குரலில் பாதிதான் மிச்சம் இருந்தது.

"சாப்டியளா?"

"அதை ஏன் கேக்க? இன்னைக்குப் பெரிய விருந்து. கத்தரிக்காக் கொழம்பு, சுட்ட அப்பளம், மொளகு ரசம். கடைசில ஒரு கை தயிர்ச்சோறு. எந்திரிக்க முடியல பாத்துக்க."

மாரி விரல் விட்டு எண்ணினாள். மைதாக் கஞ்சிக் காலத்தில்கூட இத்தனை பதார்த்தம் வந்ததில்லை.

"உண்மையச் சொல்லுங்க. அங்க என்ன நடக்கு?"

"என்ன நடக்கு? நல்லா இருக்கேன்."

"எனக்குத் தெரியணும். யாரும் கேக்கல. என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நல்லா இருக்கேன்னா நல்லா இருக்கேன்."

"அப்ப புள்ள மேல சத்தியம் பண்ணுங்க."

அவன் சட்டென்று எரிந்து விழுந்தான். "எதுக்கெடுத்தாலும் புள்ளைய இழுக்காத. அவ நல்லா இருக்கணும். அவ்வளவுதான். அவ மூச்சு விடுதால்லா? அது போதும். வேற என்னத்தக் கேக்க நீ?"

கடிகாரத்தின் ஓரத்தில் அழைப்பு நேரம் காட்டியது. இன்னும் மூன்று நிமிடம். பூட்டு எங்கே இருக்கிறது என்று மாரிக்கு அப்போது தெரிந்துவிட்டது. மகள் மூச்சு விடுகிற வரைக்கும் இவன் வாயைத் திறக்க மாட்டான். அவள் கதவைப் பார்த்தாள். எந்தத் தாயும் வாயால் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லப் போகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"புள்ள இல்ல."

"என்னது?"

"புள்ள போயிட்டா. போன மாசம். ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன். புது நுரையீரலும் ஒத்துக்கல. போயிட்டா."

ஹபீபா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

ஒலிபெருக்கியிலிருந்து அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நீண்ட மூச்சு வந்தது. ஐந்து வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. பிறகு அவன் மெதுவாக, கோபமே இல்லாமல், பேச ஆரம்பித்தான்.

"அப்ப நான் எதுக்கு மாரி இங்க இருந்தேன்? ஒனக்குத் தெரியுமா, சூரியனப் பாத்து மூணு மாசம் ஆச்சு. கடலுக்கு அடியில குழாய்க்குள்ள படுத்துக்கிட்டே பத்த வைக்கணும். பதினாலு மணி நேரம். ரூம்ல சூடு கெடையாது. வலது கையில மூணு வெரலு செத்துப்போச்சு, குளிர்ல. எடது கண்ணு தெரியல. சோறா? அஞ்சு வருசமா ஒரு பருக்கை பாக்கல. செங்கல் மாதிரி ஒண்ணு தருவான், நனைச்சுத் திங்கணும். கூட வந்த ஆறு பேர்ல நானும் இன்னொருத்தனுந்தான் மிச்சம். அவனும் பேச மாட்டேங்கான். மொத வருசமே ஓடி வந்துருப்பேன் மாரி. புள்ள மாடிப்படி ஏறுதான்னு சொன்னல்லா? அதை நெனச்சு நெனச்சுத்தான் கெடந்தேன். தெனமும் அவளை ஒரு படி ஏத்துவேன்..."

"இல்லங்க!" மாரி ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பொய் சொன்னேன்! புள்ள இருக்கா, உசுரோட இருக்கா, கேக்குதா, நான் பாவி பொய் சொன்னேன்..."

சத்தம் நின்றுவிட்டது. எட்டு நிமிடம் முடிந்திருந்தது. கடிகாரம் ஐந்து வருடம் இரண்டு மாதத்துக்கு நகர்ந்தது.

"திரும்பப் போடுங்க! ஒரு நிமிசம், ஒரே ஒரு வார்த்தை!"

"முடியாதும்மா. மூணு முடிஞ்சுபோச்சு."

"அவங்க நெனச்சிக்கிட்டு இருப்பாங்களே! இன்னும் ரெண்டு வருசம் புள்ள செத்துப்போச்சுன்னே..."

ஹபீபா ஒரு பட்டனைக் காட்டினாள். "நிறுத்தலாம்," என்றாள். "இந்தப் பட்டனை அமுக்கினா எல்லாம் அணைஞ்சிடும். அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஏழு வருஷம் முடியாம ரிப்போர்ட் வராது. ரிப்போர்ட் இல்லாம இன்னிக்கிக் கையெழுத்து இல்ல. நிறுத்தவா? நீங்க சொன்னா நிறுத்திடறேன்."

சிவப்புப் பட்டன் மேஜை மேலேயே இருந்தது. எட்டினால் தொட்டுவிடலாம்.

நிறுத்து என்று சொல்லத்தான் மாரி வாயைத் திறந்தாள். போக வேண்டாம் என்று சொல்வதாகத்தானே இருந்தாள், பிறகு ரிப்போர்ட் எதற்கு? ஆனால் சொல் வரவில்லை. நிறுத்திவிட்டால் போவதா வேண்டாமா என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். கார்த்திகை வந்துவிடும். அவள் வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கை தானாகப் பட்டனுக்குப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்து நிமிடம். ஐந்து வருடம் எட்டு மாதம். அவன் இப்போது அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பான். ஆறு வருடம் ஒரு மாதம். மகளுக்குத் திவசம் வந்து போயிருக்கும். அங்கே அவன் எதை வைத்து, யாரோடு, என்ன செய்தான்? ஆறு வருடம் நாலு மாதம். மாரி ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தடவை, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாண வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான பத்து நிமிடம் வந்ததில்லை. ஹபீபா எதிரில் தலையைக் குனிந்து உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடம் முடிந்தது. பிரிண்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது.

ஹபீபா அதை எடுத்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "ஒன்பது புள்ளி ஒண்ணு," என்றாள்.

"என்னது?"

"உங்க வீட்டுக்காரர் ஹோல்மாருக்குக் குடுத்த மார்க். மூணாவது போன்ல சொன்னதெல்லாம் சேர்த்துக்கல. வீட்டுத் துயரத்துல பேசினது, நாட்டுக்குச் சம்பந்தமில்லைன்னு மிஷின் தள்ளிடுச்சு."

மாரிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் ரெண்டு வருசம்? என்ன செஞ்சாங்க?"

"ஏழு வருஷமும் முடிச்சிருக்காரு. ஒரு நாள்கூட லீவு போடல. வாராவாரம் உங்களுக்குப் போன் பண்ணிருக்காரு. நீங்க இல்ல, உங்க மாதிரி மிஷின் பேசும்."

"எனக்கா? புள்ளையே இல்லேன்னான பொறவு எதுக்கு?"

"உங்களுக்காகத்தான் போலம்மா."

"என்ன பேசினாங்க? கடைசியா என்ன பேசினாங்க?"

ஹபீபா காகிதத்தின் அடியில் விரலை ஓட்டினாள். படிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். "நல்லா இருக்கேன் மாரி. நீ அழாத. சாப்பிட்டேன். கத்தரிக்காக் கொழம்பு, சுட்ட அப்பளம், மொளகு ரசம். கடைசில ஒரு கை தயிர்ச்சோறு."

மாரி மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். ஹபீபா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூணே முக்காலாச்சும்மா," என்றாள். "வெளியில போய் அவர்கிட்ட என்ன சொல்றீங்கங்கிறது உங்க இஷ்டம். நான் எதுவும் கேக்கல."

முகத்தைக் கழுவிக்கொண்டு மாரி வெளியே வந்தாள். போக வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறாள். வார்த்தையைத் தயாராக நாக்கிலேயே வைத்திருந்தாள்.

பலவேசம் அதே நாற்காலியில் அதே மாதிரி இருந்தான். இரண்டு கண்ணும் இருந்தன. பத்து விரலும் இருந்தன. அதில் ஐந்து விரல்கள் மகளின் முதுகை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தன. இலக்கியாவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. டப்பாவில் ஆக்சிஜன் குறைந்ததற்கான விளக்கு மினுக்கியது. அவன் புது டப்பாவை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தான்.

"என்ன சொல்லுதான் என் ஆளு?"

மாரி குனிந்து மகளின் நெஞ்சில் கையை வைத்தாள். சூடாக இருந்தது, கொறகொறவென்று ஏறி இறங்கியது. சற்று முன்பு தன் வாயால் சாகடித்த பிள்ளை.

"சொல்லு மாரி. எப்படி இருக்கேனாம்?"

"நல்லா இருக்கியளாம்."

"சாப்பாடெல்லாம்?"

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். "சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்லியாம்," என்றாள். "கத்தரிக்காக் கொழம்பு. சுட்ட அப்பளம். மொளகு ரசம். கடைசில ஒரு கை தயிர்ச்சோறு."

பலவேசத்தின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. டப்பாவின் திருகை முடுக்கிக்கொண்டிருந்த கையும் நின்றது. அந்த மாதிரிப் பட்டியலை வளைகுடாவிலிருந்து அவன்தான் சொல்லியிருக்கிறான். யாரும் அவனுக்குத் திருப்பிச் சொன்னதில்லை. இவளுக்கு அது இத்தனை வருடமாகத் தெரியும் என்பதும், ஹோல்மார் எப்படிப்பட்ட இடம் என்பதும், இரண்டும் ஒரே நேரத்தில் அவனுக்குப் புரிந்தன. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"எத்தன வருசம் தாங்குனேன்?"

"ஏழும்."

"முழுசாவா?"

"ஒரு நா லீவு போடாம."

"ம்." அவன் திருகை முடுக்கி முடித்தான். விளக்கு பச்சைக்கு மாறியது. இலக்கியா கண்ணைத் திறந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள். உதட்டின் நீலம் மெல்ல மெல்ல வெளிறியது. அது மாறுகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பலவேசம் மகளைத் தூக்கி மாரியின் கையில் கொடுத்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தான்.

கையெழுத்துப் போடுகிற அறை வலது பக்கம் இருந்தது. வாசலில் ஹபீபா காகிதத்தோடு நின்றாள். மணி நாலாக ஏழு நிமிடம் இருந்தது. அவன் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றான். திரும்பாமலேயே கேட்டான்.

"ஊறுகா இல்லியா மாரி?"

"இருந்துச்சு," என்றாள் அவள். மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "நார்த்தங்கா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு பலவேசம் உள்ளே போனான்.